மவுண்டன் சீடர், ரெட் சீடர்: மத்திய டெக்சாஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்டினுக்குக் குடிவந்து 12 வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து இங்கிருக்கும் நம் ஆட்கள் வாயில் நான் அதிகம் கேட்ட மரத்தின் பெயர் சீடர், அதுவும் அதன் மகரந்தம் கிளப்பும் தும்மலால் பெரும்பாலும் திட்டாகத்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பகுதியில் சீடர் என்ற ஒரே பெயரில் இரண்டு மரங்கள் நிற்கின்றன. அவை மகரந்தம் விடும் மாதம் வேறு, வேர் பிடிக்கும் மண் வேறு, வெட்டினால் நாம் இழப்பதும் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் ஒவ்வாமை மருந்தைத் தப்பான மாதத்தில் ஆரம்பிக்கிறோம், வைத்திருக்க வேண்டிய மரத்தை வெட்டித் தள்ளுகிறோம். நடைப்பயிற்சியிலும் பொங்கல் விழாவிலும் என்னைக் கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

இவை உண்மையிலேயே சீடர்தானா?

இல்லை, இரண்டுமே ஜூனிப்பர். நிஜமான சீடர் என்றால் இமயமலைத் தேவதாருவும், தமிழ் விவிலியத்தில் கேதுரு என்று வருகிற லெபனான் மரமும் போன்றவைதான். ஐரோப்பாவிலிருந்து இங்கே குடியேறியவர்கள் கட்டையின் வாசனையை வைத்துத் தெரிந்த பெயரைச் சூட்டிவிட்டார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. ஜூனிப்பருக்குத் தமிழில் புழங்கும் பெயர் ஒன்றும் இல்லை, நம் மலைகளில் அது தானாக வளர்வதில்லை என்பதால் பெயருக்குத் தேவையும் வந்திருக்காது. எலியா தீர்க்கதரிசி போய் உட்கார்ந்த சூரைச்செடியைப் பழைய ஆங்கில விவிலியம் ஜூனிப்பர் என்று சொல்கிறதே என்று ஒரு அக்கா கேட்டார். அது பாலைநிலத்தில் வெள்ளைப் பூ பூக்கிற, பயறு வகைக் குடும்பத்துப் புதர், இதற்கு உறவே இல்லை.

மவுண்டன் சீடரின் முறையான பெயர் ஆஷ் ஜூனிப்பர், தாவரவியலில் ஜூனிபெரஸ் ஆஷெய். அமெரிக்க வனத்துறையில் இருந்த வில்லியம் வில்லார்ட் ஆஷ் என்பவரின் பெயரை 1930இல் புக்ஹோல்ஸ் என்ற தாவரவியலாளர் இதற்கு வைத்தார். ரெட் சீடர் என்பது ஜூனிபெரஸ் வர்ஜினியானா, 1753இலேயே லின்னேயஸ் பெயரிட்டது. ஒரே பேரினம், இரண்டு தனித்தனி இனங்கள்.

என் வீட்டுப் பக்கம் இருப்பது எது?

முதலில் உங்கள் வீடு ஐ-35 நெடுஞ்சாலைக்கு மேற்கேயா கிழக்கேயா என்று பாருங்கள். ஆஸ்டினில் அந்தச் சாலை ஏறத்தாழ ஒரு நிலவியல் கோட்டை ஒட்டியே போகிறது. மேற்கே சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், ஒரு சாண் மண் கூட இல்லாத இடங்கள். அங்கே மவுண்டன் சீடர்தான் ராஜா. கிழக்கே ஆழமான கறுப்புக் களிமண், வெயிலில் வாய் பிளந்து மழையில் காலைப் பிடித்துக்கொள்கிற அதே மண், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள் பார்த்தால் நம்ம கரிசல்தானே இது என்று சொல்லிவிடுவார்கள், மண்ணியலிலும் அவை ஒரே வகைதான். அந்தப் பக்கம் வேலியோரத்தில் தானாக முளைத்து நிற்பது பெரும்பாலும் ரெட் சீடர்.

உலக அளவில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ரெட் சீடர் கனடாவின் தென்கிழக்கு மூலையிலிருந்து ஃபுளோரிடா வரை, மேற்கே பெரும் சமவெளி வரை பரவிக் கிடக்கிறது. மவுண்டன் சீடருக்கு மத்திய டெக்சாஸின் எட்வர்ட்ஸ் பீடபூமிதான் தாய்வீடு. அதை விட்டால் ஓக்லஹோமாவின் ஆர்பக்கிள் மலை, ஆர்கன்சா, மிசூரி ஓசார்க் குன்றுகளில் சில திட்டுகள், மெக்சிகோவின் வடகிழக்கில் கொஞ்சம், அவ்வளவுதான்.

மரத்தைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

தூரத்திலிருந்து அடிமரத்தைப் பாருங்கள். ரெட் சீடர் பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக, இளம் வயதில் கூம்பு மாதிரி மேலே போகும், 12 முதல் 15 மீட்டர் வரை சாதாரணமாக வளரும். மவுண்டன் சீடர் தரையிலிருந்தே இரண்டு மூன்றாகப் பிரிந்து, முறுக்கிக்கொண்டு, புதருக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு வடிவத்தில் நிற்கும், 10 மீட்டரைத் தாண்டுவது குறைவு. வயதான மவுண்டன் சீடரின் பட்டை நீள நீள நாராக உரிந்து தொங்கும், தண்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளும் இருக்கும்.

கிட்டே போனால் காய். ரெட் சீடர் காய் மிளகு அளவு, மவுண்டன் சீடர் காய் மணத்தக்காளிப் பழம் அளவு. இரண்டும் நீலம்தான், மேலே சாம்பல் பூசியது போல ஒரு மெழுகுப் படலம் இருக்கும். உண்மையில் இது பழமே இல்லை, பைன் கூம்பு மாதிரியான ஒரு கூம்பின் செதில்கள் சதைப்பற்றாகி ஒன்றாய் மூடிக்கொண்டது.

கையில் லென்ஸ் இருந்தால் இலையைப் பாருங்கள். கொஞ்சம் வேகமாக நீண்டு வளரும் நுனிக் கிளையில், செதில் மாதிரி ஒட்டியிருக்கும் இலையின் முதுகில் பிசின் சுரப்பி தெரியும். மவுண்டன் சீடரில் அது உருண்டையாகப் புடைத்திருக்கும், ரெட் சீடரில் நீள்வட்டமாக இருக்கும். இலை விளிம்பில் மவுண்டன் சீடருக்கு நுண்ணிய பற்கள் உண்டு, ரெட் சீடருக்கு விளிம்பு வழுவழு, ஆனால் அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். வெட்டிய கட்டை கிடைத்தால் எல்லாவற்றையும் விட சுலபம்: வைரப்பகுதி ஊதா கலந்த சிவப்பாக இருந்தால் ரெட் சீடர், பழுப்பாக இருந்தால் மவுண்டன் சீடர்.

ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்தில் பழுப்படித்து நிற்கும் மரத்தையெல்லாம் மகரந்தம் கட்டிய மவுண்டன் சீடர் என்று நினைக்காதீர்கள், ரெட் சீடரின் இலையே குளிரில் வெண்கல நிறத்துக்குப் போகும்.

எல்லா மரமும் மகரந்தம் விடுமா?

விடாது. பனையில் ஆண் பனை, பெண் பனை இருப்பது போலத்தான், இந்த இரண்டு இனத்திலும் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். நீலக் காய் இருந்தால் அது பெண், அதனால் உங்களுக்குத் தும்மல் வராது. டிசம்பரில் மரம் முழுக்கத் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சு கலந்த பழுப்பாக மாறினால் அது ஆண் மவுண்டன் சீடர். அந்தப் பழுப்பு முழுக்க அரிசியை விடச் சின்னதான மகரந்தக் கூம்புகள்.

சீடர் ஃபீவர் வருவது எந்த மரத்தால்?

சீடர் ஃபீவர் என்பது இந்த மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை, அது முக்கியமாக மவுண்டன் சீடரால். நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் கணக்கு தமிழ் மாதக் கணக்கு: மார்கழியும் தையும் மவுண்டன் சீடர், மாசியும் பங்குனியும் ரெட் சீடர். டிசம்பர் நடுவில் ஆரம்பித்து ஜனவரியில் உச்சத்துக்குப் போய் பிப்ரவரியில் மவுண்டன் சீடர் அடங்கும்போதுதான் ரெட் சீடர் தொடங்கும். அதற்குப் பிறகு, ஏப்ரலில் கார் மேல் மஞ்சள் பொடி படிந்து மூக்கு ஒழுகினால் அது ஓக் மரம், சீடரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஊரே படுத்துவிடும் அளவுக்கு ஏன் இப்படி என்றால், ஒன்று எண்ணிக்கை: மேற்கே குன்றுக்குக் குன்று இதே மரம், அதில் சுமார் பாதி ஆண். இரண்டு, விடுகிற விதம்: வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி, ஈரம் போய் வெயில் அடிக்கிற நாளில் கூம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். மரத்திலிருந்து மஞ்சள் புகை கிளம்புவதை நானே பார்த்திருக்கிறேன், காடு பற்றிக்கொண்டது என்று தீயணைப்புத் துறைக்குப் போன் போடுகிறவர்களும் உண்டு. மூன்று, அந்த மகரந்தத்தில் இருக்கும் ஜுன் ஏ 1 என்ற புரதம் ஒவ்வாமையைக் கிளப்புவதில் பலமானது. ரெட் சீடரிலும் அதன் நெருங்கிய உறவுப் புரதம் இருக்கிறது, அதனால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் கொஞ்சம் தொந்தரவு தரும்.

பெயரில் ஃபீவர் இருந்தாலும் நிஜக் காய்ச்சல் வருவதில்லை. கண் அரிப்பு, தும்மல், தண்ணியாக மூக்கு ஒழுகுவது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி அசதி, இவைதான். தெர்மாமீட்டரில் 101, 102 காட்டினால் அது ஃப்ளூவாகவோ கோவிடாகவோ இருக்கலாம், மரத்தைப் பார்க்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ஊரிலிருந்து வந்த முதல் வருடம் ஒன்றும் இல்லை, இப்போது ஏன்?

ஒவ்வாமை அப்படித்தான். உடம்பு முதலில் அந்தப் புரதத்தைச் சந்தித்து, அதை எதிரி என்று பதிவு செய்துகொண்ட பிறகுதான் சண்டை. எனக்கு நான்காவது ஜனவரியில் ஆரம்பித்தது. அதற்கு முன் மூன்று வருடம் தும்முகிறவர்களைப் பார்த்து எனக்கு இதெல்லாம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேலை செய்ய நாளாகும், அதனால் மூக்கு அடைத்த பிறகு வாங்காமல் சீசனுக்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது, டிசம்பர் தொடக்கத்திலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வருடா வருடம் முடங்கிப் போகிறவர்களுக்குச் சில ஆண்டுகள் தொடர்ந்து போடும் அலர்ஜி ஊசியும் இருக்கிறது. நம்மில் பலர் ஜலநேதி செய்கிறோம், நல்ல விஷயம், ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றாதீர்கள். கொதிக்க வைத்து ஆற்றியது அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகப் போய் அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன.

டாலஸ் பக்கம் இருக்கிறோம், இங்கே மவுண்டன் சீடர் காடே இல்லையே?

காற்று இருக்கிறதே. தெற்கிலிருந்து அடிக்கும் நாட்களில் இந்த மகரந்தம் டாலஸுக்கு வருகிறது, ஓக்லஹோமாவின் டல்சா வரை போவதை அங்கே அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஃப்ரிஸ்கோ, பிளேனோவில் தெருவில் நிற்பது ரெட் சீடராக இருக்கும், ஜனவரியில் உங்களைத் தும்ம வைப்பது தெற்கே வெகு தூரத்தில் நிற்கும் மவுண்டன் சீடராக இருக்கும்.

பொங்கலுக்கு வெளியே அடுப்பு மூட்டுகிறோம், சீடர் கட்டையை எரிக்கலாமா?

இரண்டுமே பிசின் உள்ள கட்டை, படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும். பட்டுப் புடவையும் குழந்தைகளும் சுற்றி நிற்கிற இடத்தில் வேண்டாம், ஓக் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தை முதல் தேதி இந்த ஊரில் மகரந்த உச்சத்தில் வருகிறது, அது நம் துரதிர்ஷ்டம். முதல் நாளே மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள், முகக்கவசமும் உதவும், வீட்டுக்குப் போனதும் குளித்து உடை மாற்றிவிடுங்கள்.

இது வெளியிலிருந்து கொண்டுவந்த மரம் என்கிறார்களே?

தவறு. இரண்டுமே இந்த மண்ணின் மரங்கள். ஆனால் இப்போது இருக்கிற அடர்த்தி புதியது. முன்பு புல்வெளிகளில் தீ அடிக்கடி ஓடும், இந்த மரங்கள் தீயில் பிழைக்காது, அதனால் பாறைச் சரிவிலும் பள்ளத்தாக்கிலும் தப்பி நின்றவைதான் வயதாகும். 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வந்த பிறகு மேய்ச்சல் நிலமெல்லாம் வேலி போட்டார்கள், மாடும் ஆடும் புல்லை ஒட்ட மேய்ந்தன, எரிய ஒன்றும் இல்லாததால் தீயும் ஓடவில்லை. பறவைகள் எச்சத்தில் போட்ட விதை முழுக்க முளைத்து வந்தது. அந்த வேலிக்குக் கம்பமும் இதே மவுண்டன் சீடர்தான்: பழைய மரங்களை வெட்டி விற்றே பிழைத்த ஏழைக் குடும்பங்கள் இந்தக் குன்றுகளில் இருந்தார்கள், சீடர் சாப்பர்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஆஸ்டினை ஒட்டி, நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் சீடர் பார்க் ஊரே 1887 முதல் இந்த மரத்தின் பெயரில்தான் இருக்கிறது.

வடக்கே ரெட் சீடருக்கும் கிட்டத்தட்ட இதே கதை. 1934 முதல் 1942 வரை, மண் புயல் காலத்தில், அரசாங்கமே பெரும் சமவெளியில் காற்றுத்தடுப்பு வரிசைகள் நட்டபோது ரெட் சீடரையும் நட்டது. இன்று ஓக்லஹோமாவிலும் நெப்ராஸ்காவிலும் மேய்ச்சல் நிலத்தை மூடுகிறது என்று அதே மரத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சீடர் நிலத்தடி நீரையெல்லாம் குடித்துவிடுமாமே?

நாளைக்கு 33 காலன், அதாவது 125 லிட்டர் குடிக்கும் என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள். அது பெரிய மரம் ஒன்றுக்கான கணக்கு, ஏக்கரில் நிற்கும் அத்தனை குட்டி மரத்தையும் அதால் பெருக்கினால் பெய்யாத மழையெல்லாம் கணக்கில் வந்துவிடும். மவுண்டன் சீடரின் அடர்ந்த தலையும் கீழே கிடக்கும் சருகும் பெய்கிற மழையில் கணிசமான பங்கைத் தரைக்கு விடாமல் பிடித்து ஆவியாக்கிவிடும் என்பது உண்மை. சின்னத் தூறலில் மரத்தடியில் நின்றால் நனையவே மாட்டீர்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. எட்வர்ட்ஸ் பீடபூமி ஆறுகளின் நீண்டகால அளவீடுகளை வில்காக்ஸ், ஹுவாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் அலசினார்கள். சீடர் பெருகிய அதே காலத்தில் ஊற்றுநீர் வரத்து குறையாமல் கூடியிருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: ஒட்ட மேய்ந்து கெட்டிப்பட்ட கட்டாந்தரையில் மழைநீர் ஓடிப்போய்விடும், மரமும் சருகும் வந்து மேய்ச்சல் குறைந்ததும் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கத் தொடங்கும். ஜான்சன் சிட்டி அருகே டேவிட் பாம்பெர்கர் 1969இல் வாங்கிய 5,500 ஏக்கர் தரிசில் சீடரை அகற்றினார், ஊற்றுகள் திரும்பி வந்தன, அதுவும் உண்மை. அவர் வெட்டியதோடு நிறுத்தவில்லை, அந்த இடத்தில் புல்லை வளர்த்தார், மேய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். நான் புரிந்துகொண்ட வரை தண்ணீரைத் தீர்மானிப்பது தரை மூடியிருக்கிறதா என்பதுதான். வெட்டிவிட்டு நிலத்தை மொட்டையாக விட்டால் இருக்கிற கொஞ்சம் மண்ணும் மழையோடு போகும்.

மவுண்டன் சீடரால் நன்மை என்று ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். பொற்கன்னக் கதிர்க்குருவி என்று நான் தமிழாக்கிச் சொல்லும் ஒரு பறவை இருக்கிறது, கன்னம் மஞ்சள், தொண்டை கறுப்பு. குளிர்காலத்தைத் தெற்கு மெக்சிகோவிலும் குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பக்கமும் கழித்துவிட்டு மார்ச் தொடக்கத்தில் இங்கே வரும், கோடை முடிவதற்குள் திரும்பிவிடும். உலகத்திலேயே இது கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது மத்திய டெக்சாஸில் மட்டும். அந்தக் கூட்டுக்கு வயதான மவுண்டன் சீடரில் உரிகிற நார்ப்பட்டை வேண்டும். அதை உரித்து எடுத்து, சிலந்தி நூலால் கட்டி, மரத்தின் பட்டையோடு பட்டையாகத் தெரிகிற மாதிரி அமைக்கும். இளம் மரத்தில் பட்டை அப்படி உரியாது, ரெட் சீடரை நட்டு ஈடுகட்டவும் முடியாது. 1990இல் இதை அழியும் நிலைப் பட்டியலில் சேர்த்தார்கள், ஆஸ்டினின் மேற்கில் பால்கோனெஸ் காட்டுப் பகுதியைக் காப்பதற்கு இந்தக் குருவி ஒரு முக்கியமான காரணம்.

ஏப்ரல் காலையில் அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒரு மணி நேரம் நடந்தால் ஆண் குருவியின் ரீங்காரம் காதில் விழும். முதல் தடவை கேட்டபோது நான் ஜனவரி முழுக்கத் திட்டிய மரத்தின் மேல்தான் அது உட்கார்ந்திருந்தது.

ரெட் சீடருக்கும் தன் பங்கு உண்டு. குளிர்காலத்தில் கூட்டமாக வரும் சீடர் வேக்ஸ்விங் பறவைக்குப் பெயரே இந்தக் காய்களால் வந்தது. ஜூனிப்பர் ஹேர்ஸ்ட்ரீக் என்ற பச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு இரண்டு மரத்தின் இலையையும் தின்று வளர்கிறது.

பென்சில் செய்தது எந்த மரம்?

ரெட் சீடர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பென்சிலுக்கு இதுதான் கட்டை: மென்மை, நேரான இழை, சீவினால் சிலும்பாது. ஃபுளோரிடாவில் சீடர் கீ என்ற தீவூரில் பென்சில் கட்டை அறுக்கும் ஆலைகள் இருந்தன, 1896 புயலில் அழிந்தன. நல்ல மரங்கள் தீர்ந்துபோனதும் தொழில் மேற்குக் கடற்கரையின் இன்சென்ஸ் சீடருக்கு மாறியது. துணிப்பெட்டி, அலமாரிப் பலகை எல்லாம் இன்றும் ரெட் சீடர்தான். மவுண்டன் சீடர் பலகைக்கு வளைந்த மரம், வேலிக்கம்பத்துக்கு நிகரில்லாதது, வைரம் பாய்ந்த கம்பம் மண்ணுக்குள் பல பத்தாண்டு மக்காமல் நிற்கும். சோப்பு, வாசனைத் திரவியத்துக்குப் போகும் சீடர்வுட் எண்ணெயில் டெக்சாஸ் வகை மவுண்டன் சீடரிலிருந்தும் வர்ஜீனியா வகை ரெட் சீடரிலிருந்தும் வடிப்பது, பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்து வாங்கலாம்.

மழைக்குப் பிறகு மரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஜெல்லி தொங்குகிறதே?

அது ரெட் சீடர் என்பதற்கு நல்ல அடையாளம். ஆப்பிளுக்கும் ரெட் சீடருக்கும் மாறி மாறிப் போய் வாழ்கிற ஒரு துருப் பூஞ்சை. சீடருக்குப் பெரிய ஆபத்தில்லை, பக்கத்தில் ஆப்பிள் வைத்திருப்பவர்தான் கவலைப்பட வேண்டும்.

காயைச் சமையலில் போடலாமா?

கடையில் ஜூனிப்பர் பெரி என்று விற்பதும் ஜின்னில் போடுவதும் மூன்றாவது ஒரு இனம், ஜூனிபெரஸ் கம்யூனிஸ். மவுண்டன் சீடர் காய் இனிக்கும், வாயில் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மரத்தைச் சரியாக அடையாளம் தெரியாமல் குழம்பிலோ கஷாயத்திலோ போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொல்லையில் இருக்கிறது, வெட்டலாமா?

என் தப்பைச் சொல்கிறேன். வீடு வாங்கிய புதிதில், தும்மல் ஆத்திரத்தில், ஆள் வைத்து இரண்டு பெரிய மவுண்டன் சீடரை வெட்டச் சொன்னேன். விழுந்த பிறகுதான் கிளை முழுக்க நீலக் காயைப் பார்த்தேன். இரண்டும் பெண் மரம், ஒரு துளி மகரந்தம் விட்டிருக்காது. அடுத்த ஜனவரியில் தும்மல் கொஞ்சமும் குறையவில்லை. ஆண் மரமாகவே இருந்திருந்தாலும் பெரிதாகக் குறைந்திருக்காது, மேற்கே அத்தனை குன்று இருக்கிறதே.

அதனால் அலர்ஜிக்காக வெட்டாதீர்கள். தீக்காக வெட்டுவது வேறு விஷயம். இரண்டு மரமும் எண்ணெய்ப் பசையுள்ளவை, வறட்சியில் பொசுக்கென்று பற்றும். 2011இல் ஆஸ்டினுக்குத் தென்கிழக்கே பாஸ்ட்ராப்பில் காட்டுத்தீயில் 1,600 வீடுகளுக்கு மேல் எரிந்தபோது பைன் மரங்களுக்கு அடியில் அடர்ந்திருந்த ரெட் சீடர் தீயை மேலே ஏற்றும் ஏணியாக இருந்தது. சுவரை ஒட்டி நிற்கும் இளசுகளை எடுத்துவிடுங்கள், பெரிய மரத்தில் தரையைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடுங்கள், கீழே காய்ந்த சருகைக் கூட்டித் தள்ளுங்கள். கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே அறுத்தால் இரண்டுமே மறுபடி தழையாது, மருந்து ஊற்ற வேண்டியதில்லை. மேற்கு டெக்சாஸில் சிவப்புக் காய் காய்க்கும் இன்னொரு ஜூனிப்பர் மட்டும் அடியிலிருந்து துளிர்க்கும்.

நார்ப்பட்டை உரிகிற வயதான மவுண்டன் சீடர் என்றால் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்டின் நகர எல்லைக்குள் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் 19 அங்குல விட்டம் இருந்தால் எந்த மரமானாலும் அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது, சுற்றியுள்ள ஊர்களில் விதி வேறு, நகராட்சியில் கேளுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றாலும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கூடு இருக்கும், செப்டம்பருக்குத் தள்ளிப் போடுங்கள். வெட்டுவதற்கு முன் மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து, காய் இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.